காசுக்கட்டளையும் கல்வீடும்: மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணத்து உறவு வலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதி தொடங்கி 1930கள் வரை யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிச் சென்றோரின் வரலாறு, பெரும்பாலும் மிசன் பாடசாலைகளின் வரலாற்றுக்கு ஒரு பின்னிணைப்பாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அமெரிக்க மிசனரிமார் ஆங்கிலம் கற்பித்தனர், கற்றவர்க்கு உள்ளூரில் வேலை போதவில்லை, ஆகவே அவர்கள் கப்பலேறினர் என்று முடிந்துவிடும் அந்த விளக்கம் பொய்யன்று. ஆயினும், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறிய வட்டுக்கோட்டை இளைஞன் ஒருவன் முன்பின் கண்டிராத தைப்பிங்கிலோ சிரம்பானிலோ உள்ள ஓர் அலுவலக மேசைக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தான், பயணச் செலவை யார் கொடுத்தார், இறங்கிய இரவில் எங்கே படுத்தான், வேலை கிடைக்கும்வரை யார் சோறு போட்டார் என்னும் கேள்விகளுக்கு அதில் விடையில்லை. இவற்றுக்கு விடை தேடினால் தாய்மாமன், மைத்துனன், ஊரவன், ஒரே பாடசாலையில் மேல்வகுப்பில் இருந்தவன் என்று ஒரு மனிதத் தொடரே முன்வந்து நிற்கும். மாறிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவர் நம்பிச் சாய்ந்த அந்தத் தொடரின் வலுவும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இங்கு ஆராயப்படுவது.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லின் மேல் படர்ந்த மெல்லிய மண். ஆறு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கிணற்றுக்குத் துலா போட்டு, மிதித்து இறைத்து, வரம்பு வரம்பாக நீர் பாய்ச்சி வளர்த்த புகையிலையும் சிறுதானியமும் காய்கறியுமே தோட்டக்காரனின் பிழைப்பு. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது மாவட்டத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் இருந்தனர். தேசவழமை, அதாவது ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அலுவலர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. முன்னோர் வழி வந்தது முதுசம், மகளுக்கு மணத்தின்போது எழுதிக் கொடுப்பது சீதனம், மணவாழ்வில் கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்ப்பது தேடியதேட்டம். முதுசமும் சீதனமும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகி, ஒரு பரப்புக் காணியில் பலருக்குப் பங்கு என்ற நிலை வந்தபோது, புதிதாகத் தேடக்கூடியது சம்பளம் ஒன்றே என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று அரசாங்க உத்தியோகத்தைப் பற்றி வழங்கும் பழமொழியை எள்ளலாக எடுத்தாள்வது இன்று எளிது; பருவமழை பொய்த்தால் கடன்படும் தோட்டக்காரனின் பார்வையில் அது வெறும் கணக்கு.

வெளியூர் போய் உத்தியோகம் பார்ப்பதும் மலாயாவோடு தொடங்கிய புதுமையன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் நிறுவி 1855இல் மூடிய செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கொழும்பிலும் மலைநாட்டுக் கோப்பித் தோட்டக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்துக் கணக்கர் முன்பே இருந்தனர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த பதினைந்தாண்டுகளுக்குள் கோப்பியை அடியோடு சாய்த்தபோது, அதை நம்பியிருந்த அலுவலர், பொறியியலாளர், தோட்டத்துரைமார் பலரும் வேறு நாடு தேடினர். 1874இன் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கும் சிலாங்கூரும் பிரித்தானிய வதிவாளர்களின் ஆலோசனைக்கு உட்பட்டு, ஈயச் சுரங்கங்களுக்காகப் பாதையும் பாலமும் போட ஆள் வேண்டிய நேரம் அது. மலாயாவின் முதற் புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குத் திறக்கப்பட்டபோது அதை அமைத்ததில் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் படைக்குப் பங்கு இருந்தது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் பணியாற்றிப் பின் சிலாங்கூரின் அரச பொறியியலாளராகவும், 1901 முதல் மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதித் தலைவராகவும் இருந்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், தாம் பழகி அறிந்த யாழ்ப்பாணத்தவரையே தம் பகுதியில் பெருமளவு சேர்த்துக்கொண்டார். இத்தொடரின் முதற் கண்ணி இவ்வாறு தொழில்வழி அமைந்தது. மேலதிகாரி ஒருவரின் நினைவில் இருந்த நல்லெண்ணத்தின் மேலேயே உறவுவழிக் கண்ணிகள் பின்னர் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டன.

அந்தக் கோப்பு நடந்த முறை ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் ஒன்றே. முதலிற் போனவர் ஓராண்டு, ஈராண்டில் நிரந்தர வேலைக்கு வந்ததும் வீட்டுக்குக் காசுக்கட்டளை அனுப்பத் தொடங்குவார். தபாற் கந்தோரில் பணம் கட்டி, மறுமுனைத் தபாற் கந்தோரில் பெயருக்குரியவர் பெற்றுக்கொள்ளும் இந்த ஒழுங்கு, ஊர் முழுவதற்கும் ஒரு விளம்பரம் போலவும் செயற்பட்டது, ஏனெனில் யாருக்கு எவ்வளவு வந்தது என்பதைத் தபாற்காரர் சொல்லாமலே ஊர் அறிந்துகொள்ளும். பணத்தோடு வரும் கடிதத்தில் எந்தப் பகுதியில் இடம் காலியாகிறது, எந்தத் துரை யாழ்ப்பாணத்தாரை விரும்புகிறார், பரீட்சை எப்போது என்ற செய்தி இருக்கும். அதன்மேல் தம்பியோ மருமகனோ புறப்படுவான்; பாடசாலை அதிபர் எழுதிய நற்சான்றுப் பத்திரம் சட்டைப்பையில், பனங்கட்டியும் புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் தகரப்பெட்டியில். 1905இல் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் புகையிரதத் தொடர்பு முழுமையானபின் கொழும்புத் துறைமுகமே பயண வாயிலாயிற்று. அதற்கு முன் கரையோரக் கப்பல்களையும் நாகபட்டினத்து வழியையும் நம்ப வேண்டியிருந்தது. பினாங்கிலோ கிள்ளானிலோ இறங்கியவனை ஊரவர் ஒருவர் அழைத்துப்போய், மணமாகாத உத்தியோகத்தர் நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து ஒரு சமையற்காரரை வைத்திருந்த வீட்டில் தங்கவைப்பார். வேலை கிடைக்கும்வரை அவன் பங்குக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை; கிடைத்தபின் அடுத்து வருபவனின் பங்கு அவன் தலையில் விழும் என்பது சொல்லாமலே விளங்கிய விதி.

கப்பற் காசுக்கு வழி செய்ததும் உறவும் காணியுமே. யாழ்ப்பாணத்தில் ஒற்றி எனப்படும் ஈட்டுமுறையில், கடன் கொடுத்தவர் வட்டி வாங்காமல் காணியின் விளைச்சலை அனுபவித்து, முதல் திரும்பிவந்ததும் காணியை விட்டுவிடுவார். ஒரு மகனின் பயணத்துக்காகத் தகப்பன் தோட்டத்துண்டொன்றை ஒற்றி வைத்தால், அதை வாங்குபவர் பெரும்பாலும் அயலவரோ உறவினரோ ஆதலால், பணம் அனுப்பாமல் இருந்துவிடுவது அவனுக்குப் பெரும் அவமானமாகிவிடும். வங்கி எதுவும் ஆங்கிலம் படித்த பதினெட்டு வயதுப் பையனை நம்பிக் கடன் கொடுத்திராத காலத்தில், அவன் மீறினால் பழி சுமக்க ஒரு தாயும் இரண்டு தமக்கையரும் ஊரில் இருக்கின்றனர் என்பதே போதிய பிணையாக இருந்தது. இப்பிணை அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது. தலைமைக் கிளாக்கர் தம் ஊர்ப் பையனைப் பரிந்துரைத்தபோது, அவன் களவெடுத்தால் தம் பெயர் கெடும் என்பதும் துரைக்குத் தெரியும். ஆகவே செலவில்லாத ஒரு கண்காணிப்பு ஆட்சிக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தவரின் நேர்மைக்கும் ஒழுங்குக்கும் குடியேற்ற அதிகாரிகள் கொடுத்த பாராட்டுக்களை இனக்குணத்துக்குச் சான்றாகக் கொள்வோர், அந்தக் குணத்தைக் காவல் காத்த இந்த ஏற்பாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மணச்சந்தையில் இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. மலாயா மாப்பிள்ளைக்குச் சீதனம் கூடியது. நொத்தாரிசு முன் எழுதப்பட்ட சீதன உறுதிகளில் காணி, நகை, காசு மூன்றும் பெருத்தன. பெண்ணுக்குக் கொடுக்கத் தமையன் மலாயாவில் உழைக்க வேண்டியிருந்தது, உழைத்த தமையன் தன் மணத்தில் வந்த சீதனத்தைத் தங்கையின் சீதனமாக மாற்றினான், இப்படிப் பணம் குடும்பங்களுக்கிடையே சுற்றிவந்தது. ஊருக்குள் சுற்றிய பணம் தோட்டத்தில் முதலாகப் போடப்படாமல் கல்வீடாகவும் மதிலாகவும் கோயில் மண்டபமாகவும் நின்றுவிட்டதைப் பொருளியல் நோக்கில் குறை சொல்லலாம்; ஆனால் ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊரில் தன் பெயரை நிலைநாட்ட அதைவிடக் கண்ணுக்குத் தெரியும் வழி வேறில்லை. தேடியதேட்டத்தின் அளவு இவ்வாறு பெருகிக்கொண்டிருந்த காலத்தில்தான், கணவன் மனைவி சொத்துரிமையையும் வழியுரிமையையும் திருத்தியமைத்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டம் 1911இல் வந்தது.

மலாயாவில் உறவு வலை சங்கமாகவும் கோயிலாகவும் உருக்கொண்டது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி, புகையிரத உத்தியோகத்தரின் அரசாங்கக் குவாட்டர்ஸ் வரிசை வரிசையாக நின்ற இடம். அங்கே இலங்கைச் சைவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுப்பிய கந்தசுவாமி கோயில் நல்லூரை மாதிரியாகக் கொண்டது. 1904இல் அதே பகுதியில் விவேகானந்த ஆச்சிரமம் நிறுவப்பட்டது, விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்துபோய் ஏழாண்டு கடந்திருந்தபோது. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாணத்தவர் கூட்டுறவுச் சங்கம், அதுவரை சீட்டுப் பிடித்தும் கைமாற்று வாங்கியும் சமாளித்த உத்தியோகத்தருக்குச் சேமிப்பையும் கடனையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. மறுபுறத்தில், 1889 முதல் வெளிவந்த இந்து சாதனம் போன்ற யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கடல் கடந்தும் வாசகரைப் பெற்றன. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உள்ளிட்ட பாடசாலைகள் கட்டட நிதிக்காக மலாயாவை நாடின. நிதி கொடுத்தவரின் மகனே அக்கல்லூரியில் படித்து, அதே நற்சான்றுப் பத்திரத்தோடு அதே கப்பலில் ஏறுவது வழக்கமாயிருந்ததால், கொடை என்று பெயர் பெற்றதில் ஒரு பகுதி முதலீடும்தான்.

இந்த இருகரை வாழ்வை இரண்டு பிறப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. தமிழரசுக் கட்சியை 1949இல் நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம் 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். தகப்பனார் அங்கேயே இருக்க, தாயார் பிள்ளைகளின் படிப்புக்காக அவர்களைத் தெல்லிப்பழைக்குக் கூட்டிவந்தபோது அவருக்கு வயது நான்கு. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரான சி. ராஜரத்தினமோ 1915இல் வட்டுக்கோட்டையில் பிறந்தவர்; மூத்த குழந்தை இறந்துவிட்டமையால் அடுத்த பேறு ஊரிலேயே நடக்கட்டும் என்று தாயை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினர், குழந்தை சில மாதங்களில் சிரம்பானுக்குத் திரும்பிற்று. ஒருவர் மலாயாவில் பிறந்து யாழ்ப்பாணத்து அரசியலுக்கும், மற்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா மண்ணின் அரசியலுக்கும் உரியவராயினர். வரலாற்றுநூல்கள் ஆண்களின் நியமனக் கடிதங்களை எண்ணிக்கொண்டிருக்க, பேற்றுக்குப் போவதும் படிப்புக்குக் கூட்டிவருவதும் வீட்டையும் ஒற்றிக் காணியையும் பார்த்துக்கொள்வதும் ஆகிய போக்குவரத்தை நடத்தியவர்கள் பெண்கள். கணவன் சம்பளம் வாங்கும் நாட்டுக்கும் பிள்ளை படிக்கும் நாட்டுக்கும் இடையே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவைத்து நடத்துவதில் அவர்கள் பெற்ற பழக்கம் பிற்காலத்தில் வேறொரு வகையில் பயன்பட இருந்தது.

எல்லோருக்கும் இந்த வாசல் திறந்திருந்தது என்று எண்ணினால் தவறு. ஆங்கிலப் பாடசாலையில் இருக்க இடம் கிடைத்தவனுக்கே நற்சான்றுப் பத்திரம். ஒற்றி வைக்கக் காணி உள்ளவனுக்கே கப்பற் காசு. போய் இறங்க மாமன் உள்ளவனுக்கே சோறு. இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தவர் பெரும்பாலும் வெள்ளாளர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் வாங்கில் அமரக் கூடாதென்று நிலத்தில் இருத்தப்பட்ட காலம் அது. சம ஆசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே உயரத்தில் அமரும் உரிமை, 1920களின் இறுதியிற்கூட எதிர்ப்பைச் சந்தித்தது, 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதை ஆதரித்து நின்றமை அக்காலத்தில் துணிவான செயல். ஒருவரையொருவர் நம்பியவர்கள் யாரை நம்பலாம் என்று ஏற்கனவே ஊர் வகுத்துவைத்திருந்த எல்லைக்குள்ளேயே நம்பினர். மலாயா அனுப்பிய பணத்தால் ஊரில் மேலும் காணி வாங்கப்பட்டபோது அந்த எல்லை தளராமல் இறுகவே செய்தது.

இத்தகைய தொடருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வேலை தேடுவோருக்குப் பெரிதும் உதவுவது நெருங்கிய உறவைவிட ஓரளவு பழக்கமானவர்களே என்று வாதிட்டார். நெருங்கியவர்கள் அனைவரும் ஒரே செய்தியையே அறிந்திருப்பர், தூரத்துப் பழக்கமே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் தருக்கம். மலாயாவில் வேலை தேடிய யாழ்ப்பாணத்தவருக்கு நெருங்கிய உறவே புதிய செய்தியையும் கொண்டுவந்தது, ஏனெனில் அந்த உறவே கடல் கடந்திருந்தது. ஆயினும் மாமனும் மருமகனும் மைத்துனனும் ஒரே எசமானிடம், அதாவது அரசாங்கத்திடம், சம்பளம் வாங்கியதால், அந்த எசமானுக்கு வந்த நோய் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது. மலாயாவின் இன்னொரு தமிழ்த் தொடரான நகரத்தாரின் வட்டிக்கடைகள், பணியாட்களைத் தவணை முறையில் மாற்றி மாற்றி அனுப்பியும் பல நாடுகளில் முதலைப் பரப்பியும் இடரைப் பிரித்துக்கொண்டன. கிளாக்கரின் தொடரில் அத்தகைய பரப்பு இல்லை.

முதல் அடி 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விழுந்தது. ரப்பரும் ஈயமும் விலை சரிந்து, அரசாங்கம் ஆட்குறைப்புச் செய்தபோது, அரசாங்க உத்தியோகத்தில் மலாய் மக்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்ற கொள்கையும் வலுப்பெற்றது. வேலை இழந்த ஒருவனுக்கு மற்றொரு வேலை பிடித்துத் தரவேண்டிய மாமனும் அதே பட்டியலில் இருந்தார். இரண்டாம் அடி இன்னும் கொடியது. 1941 டிசம்பரில் யப்பானியர் இறங்கி, 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும், காசுக்கட்டளையும் கடிதமும் ஒருசேர நின்றன. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத வீடுகள் குடாநாட்டின் ஊர்தோறும் இருந்தன. மூன்றரை ஆண்டு நீடித்த இந்த முறிவில், ஒரு சமூகத்தின் முழு வருவாயும் முழுச் செய்தியும் ஒரே கம்பியில் தொங்கியிருந்தமை அப்போதே முழுமையாகத் தெரியவந்தது. ஒற்றி மீட்கப்படாத காணிகள் கைமாறின. சீதனம் பேசி முடித்த சம்பந்தங்கள் நிறுத்திவைக்கப்பட்டன.

இக்காலத்தில் தாங்கி நின்றவை, ஆளைச் சாராமல் அமைப்பாக மாறியிருந்தவையே. யாழ்ப்பாணத்தில் மலாயா பென்சனியர் எனப்பட்ட, இளைப்பாறி ஊர் திரும்பிய உத்தியோகத்தர் ஒரு தனிவகுப்பாக இருந்தனர். வெள்ளை வேட்டியும் கோட்டும் குடையுமாகக் கோயில் நிர்வாகத்திலும் பாடசாலைச் சபையிலும் கணக்குப் புத்தகத்தைப் பிழையற எழுதி மற்றோரைச் சலிப்படையச் செய்தவர்கள் என்று அவர்களைக் கேலி செய்வோரும் உண்டு. கோப்புக் கட்டவும் கூட்டக் குறிப்பு எழுதவும் அறிந்த அந்தக் கைகள்தாம் கூட்டுறவு இயக்கத்துக்குக் கிடைத்தன. மலையாளத்துச் சந்தைக்குப் போகும் புகையிலையைத் தரகரிடமிருந்து விடுவிக்க 1934இல் எழுந்த யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கமும், அதே பத்தாண்டில் தோன்றிய மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையும் அந்தக் காலத்துப் பேறுகள். மலாயாவிலோ போருக்குப் பின் நாட்டின் அரசியலே மாறிற்று. 1949இல் இனங்களுக்கிடையே பேச்சு நடத்த அமைந்த சமூக இணைப்புக் குழுவின் தலைவராக இருந்து பின் கல்விப் பொறுப்பையும் ஏற்ற இ. இ. சி. துரைசிங்கம் இலங்கைத் தமிழர். அடுத்த தலைமுறை அரசாங்கக் கந்தோரை விட்டு வைத்தியம், சட்டம், ஆசிரியம், வணிகம் எனப் பரவி, அந்நாட்டுக் குடிகளாயினர். ஊரிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 1950களில் ஏறத்தாழ முடிந்தது.

கற்றுக்கொண்ட முறையை மட்டும் யாழ்ப்பாணம் மறக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானபோது கொழும்புக் கந்தோர்களின் வாசலும், 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாகச் சரிசெய்த முறை வந்தபோது பல்கலைக்கழக வாசலும் ஒடுங்கின. லண்டனுக்கும் ஆபிரிக்க நாடுகளின் பாடசாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் முதலில் போனவர் அடுத்தவருக்குக் கடிதம் எழுதினார். போர் மூண்ட 1983க்குப் பின் அகதியாகப் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனோரின் வழியும் இவ்வாறே கோத்த கண்ணிதான். 1990இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, வங்கியும் தபாலும் ஒழுங்காக இயங்காத குடாநாட்டுக்கு அவர்கள் அனுப்பிய பணம் உண்டியல் வழியாக வந்தது. உண்டியல் என்பது வெளிநாட்டில் ஒருவரிடம் பணத்தைக் கொடுக்க, அவருடைய ஆள் ஊரில் அதே தொகையை உரியவருக்குக் கையில் கொடுக்கும் முறை. ரசீது இல்லை, கையொப்பம் இல்லை, ஏமாற்றினால் அடுத்த நாள் அவரிடம் யாரும் பணம் கொடுக்கமாட்டார். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பல இலட்சமாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபின்னும், ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடி விசாரித்துப் பணம் கொடுத்த உண்டியற்காரர்கள் இருந்தனர்.

மலாயாப் பயணத்திலிருந்து இந்த அகதிப் பயணம் ஓரிடத்தில் அடிப்படையாக வேறுபட்டது. அகதி விண்ணப்பத்துக்கு கேம்பிரிட்ஜ் சான்றிதழும் பாடசாலை அதிபரின் பத்திரமும் வேண்டியிருக்கவில்லை. காணியோடு நகையையும் அடகு வைத்து, முன்னே போன ஒருவர் அனுப்பிய கடனில் முகவருக்குப் பணம் கட்டினாற் போதும். ஆகவே ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பலின் பக்கமே போக முடியாதிருந்த குடும்பங்களும் தங்கள் தங்கள் கண்ணிகளைக் கோத்துக்கொண்டன. 1990களின் பின் குடாநாட்டில் புதிதாகக் கட்டப்பட்ட, பெருப்பித்துக் கட்டப்பட்ட கோயில்களில் கணிசமானவை, முன்னர் உயர்சாதிக் கோயில்களின் உள்ளே விடப்படாதவர்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் உழைத்த பணத்தால் எழுந்தவை. அவற்றின் நன்கொடைக் கல்லில் பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று நாடும், அதன்கீழே ஊரின் குறிச்சியும் பொறிக்கப்பட்டிருக்கும்.